அரிவாள்மனைக்கு ஓர் எண்

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்தில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் நேயர்களுக்குக் கூறிவிட்டு, அதன்பின் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறோம்.

ஊரிலிருந்து நம் தாயார் வந்து ஒரு திங்கள் தங்கியிருந்தார். எதிர்வீட்டு மராத்திய அம்மையார் அவரிடம் வாழைப்பூ உசிலி செய்யக் கற்றுக்கொள்ள விரும்பினார். மராத்தியரும் வாழைப்பூவைச் சமைப்பவர்களே. ஆயினும் நம் முறை அவருக்குப் புதிது. தாயாருக்கு மராத்தி வாராது. அம்மையாருக்குத் தமிழ் வாராது. நம் மகளோ அப்பொழுது வகுப்புக்குச் சென்றிருந்தாள். ஆகவே இருவருக்கும் நடுவே கைப்பேசி ஒன்றை வைத்தோம். இவர் தமிழில் கூற, அது மராத்தியில் ஒலிக்கும். அவர் மராத்தியில் கேட்க, அது தமிழில் ஒலிக்கும். விந்தையான கருவிதான். பத்து நிமிடம் வரையில் யாவும் இனிதே நடந்தன.

"பூவை அரிவாள்மனையிலே பொடியாக அரிந்து மோரிலே போடவேண்டும்" என்றார் தாயார். கைப்பேசி மராத்தியில் ஏதோ கூறிற்று. அம்மையார் எழுந்து சென்று ஒரு 'சுரீ'யுடன் வந்தார். சுரீ என்பது கையிற் பிடிக்கும் சமையற் கத்தி. தாயார் தலையசைத்தார். மீண்டும் கூறினார், மீண்டும் கத்தியே வந்தது. பிறகு தாயார் கருவியை ஒதுக்கிவிட்டுத் தரையில் அமர்ந்து, ஒரு காலை மடித்து, மற்றொரு காலால் ஒரு பலகையை மிதிப்பதுபோல் ஊன்றி, இரு கைகளாலும் எதையோ முன்னே தள்ளிக் காட்டினார். அம்மையார் முகம் மலர்ந்தது. "விளீ!" என்று கூவிக்கொண்டே தம் வீட்டிற்கு ஓடி, நம் அரிவாள்மனையின் உடன்பிறப்பைப் போன்ற ஒன்றைத் தூக்கி வந்தார்.

இரண்டு சமையலறைகளிலும் இருந்த ஒரே பொருள், ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் வழியில் தொலைந்துபோயிற்று. எங்கே தொலைந்தது? ஏன் தொலைந்தது? மாலையில் வீடு திரும்பிய மகள் இவ்வாறு கேட்டாள். அவளுக்குக் கூறிய விடையே விரிந்து இக்கட்டுரையாயிற்று.

நடுவழியில் நேரும் இழப்பு

இன்று மொழிபெயர்ப்புப் பொறிகள் பல உள. அவற்றுட் சில, இரண்டு இந்திய மொழிகளுக்கிடையே நேராகச் செல்வதில்லை. பொறி கற்பது இருமொழியிலும் ஒருங்கே கிடைக்கும் எழுத்துகளைக் கொண்டு. தமிழிலும் மராத்தியிலும் ஒருங்கே உள்ளவை குறைவு. தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளவை மிகுதி. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளவை மிகுதி. ஆதலின் பொறி தமிழை முதலில் ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தைப் பின்னர் மராத்தியாக்குகிறது. ஆங்கிலேயர் அடுக்களையில் அரிவாள்மனை இல்லை. ஆகவே அதற்கெனத் தனிச்சொல்லும் அங்கு வழக்கில் இல்லை. கத்தி என்னும் பொதுச்சொல்லே கிடைக்கும். தமிழில் அரிவாள்மனையாகப் புறப்பட்டது, நடுவழியில் கத்தியாகி, மராத்தியிற் சுரீயாக வந்து சேர்கிறது.

இழப்பு அரிவாள்மனையோடு நிற்பதன்று. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று நாம் வேறு வேறாக அழைக்கும் உறவினர் அனைவரும் ஆங்கிலத்தில் 'ஆன்ட்டி' என்னும் ஒரே வாயிலில் நுழைந்துவிடுகின்றனர். மராத்தியரோ ஆத்யா, மாவ்ஷீ, காகூ, மாமீ என்று நம்மைப்போலவே பிரித்து அழைப்பவர்கள். தந்தையின் உடன்பிறந்தாள் நமக்கு அத்தை, அவர்களுக்கு ஆத்யா. பிரித்தறியும் இரு மொழிகளுக்கு நடுவே பிரித்தறியாத மொழி ஒன்று நின்றால், செல்வர் இருவர் தம் பொருளை ஏழை ஒருவன் கைப்பை வழியாக மாற்றிக்கொள்வது போலாகும். அப்பை கொள்ளுமளவே மறுபுறம் சேரும்.

அங்ஙனமாயின் நடுவே ஒன்றும் இல்லாமல் நேராகச் சென்றாலென்ன என்று கேட்கலாம். நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாதை அமைப்பதாயின் 462 பாதைகள் வேண்டும். நடுவே பொதுவிடம் ஒன்று இருந்தால், ஒவ்வொரு மொழிக்கும் உள்வரும் வழி ஒன்று, வெளிச்செல்லும் வழி ஒன்று, ஆக 44 போதும். பொதுவிடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்பொதுவிடத்தில் ஒரு மொழியை அமர்த்துவதா, அன்றி எம்மொழியையும் சாராத பொருட்குறியீடு ஒன்றை அமர்த்துவதா என்பதே வினா.

ஆறு இலக்கங்கள் கற்பிக்கும் பாடம்

மொழி சாராத குறியீடு என்றதும் ஏதோ எட்டாத பொருள் என எண்ணவேண்டா. நம் இல்லத்துக்கு வரும் ஒவ்வோர் அஞ்சலின் மேலும் அது எழுதப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண்ணைக் கொண்டுவந்தது. அதனை வகுத்தவர், வடமொழிக் கவிஞரும் அத்துறையின் உயர் அதிகாரியுமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயர் கொண்ட ஊர்கள் பல. ஒரே ஊருக்குப் பல மொழிகளிற் பல எழுத்துக்கூட்டல்கள். முகவரி எழுதிய மொழியை அஞ்சல் பிரிப்பவர் அறியாத நிலை. இத்தனை இடர்ப்பாடுகளையும் அவ்வாறு இலக்கங்கள் தீர்த்தன.

முதல் இலக்கம் 4 என்றால் மகாராட்டிரத்தை உள்ளிட்ட மண்டலம். 6 என்றால் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உள்ளிட்ட மண்டலம். 411 என்று தொடங்கினால் புனே. 600 என்று தொடங்கினால் சென்னை. பாட்டி தமிழிலேயே முகவரி எழுதட்டும். எண் சரியாக இருந்தால் மடல் ராஸ்தா பேட்டைக்கோ கட்கிக்கோ பிழையின்றி வந்து சேரும். மனிதரும் அவ்வெண்ணைப் படிக்கலாம். பிரிக்கும் இயந்திரமும் படிக்கலாம். அவ்வெண் தமிழன்று, மராத்தியன்று, ஆங்கிலமுமன்று. அது யாருடைய தனியுடைமையும் அன்று. இந்த மூன்று இயல்புகளையும் நேயர்கள் நினைவிற் கொள்க. மொழி சாராமை, மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒருங்கே விளங்குதல், யாவர்க்கும் திறந்திருத்தல் என்பன அவை.

இடத்துக்கு எண் தந்தாயிற்று. எழுத்துக்கு எண் தர இயலுமா? சொல்லுக்கு? வாக்கியத்துக்கு?

புனே தந்த எழுத்துக் குறியீடு

எழுத்துக்கு எண் தந்த பெருமையில் நாம் வாழும் இந்நகருக்குச் சிறந்த பங்கு உண்டு. 1988-இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தைப் 'பரம்' மீத்திறன் கணிப்பொறியின் பிறப்பிடமாகப் பலரும் அறிவர். அதே மையத்தில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே தொடங்கப்பெற்ற 'ஜிஸ்ட்' என்னும் இந்திய எழுத்துப் பணியும் வளர்ந்தது. இந்திய எழுத்துகளுக்கான 'இஸ்கி' என்னும் பொதுக் குறியீடு 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடன் இந்தியத் தரமாயிற்று.

அதன் உட்கருத்து மிக எளியது. தமிழ், தேவநாகரி, வங்கம், தெலுங்கு முதலிய எழுத்துகளின் வடிவங்கள் வேறுபடினும், அகரம் எங்கும் அகரமே. ககரம் எங்கும் ககரமே. ஆகவே வடிவத்துக்கு எண் தராமல் ஒலிக்கு எண் தந்தனர். அகரத்துக்கு 164 என்னும் எண். அவ்வெண்ணைத் தமிழ் எழுத்திற் காட்டு என்றால் பொறி 'அ' என்று தமிழில் வரையும். தேவநாகரியிற் காட்டு என்றால் தேவநாகரி அகரத்தை வரையும். எழுதி வைத்தது ஒன்றே. தோற்றம் மட்டும் வேறு. இக்கருத்தையொட்டி அமைந்த இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் எம்மொழிக்கும் ககரம் ஒரே விசையில் நிற்கும்.

மராத்தியில் ளகரம் உண்டு, நமக்கும் உண்டு. இருவர்க்கும் ஒரே எண். 'விளீ' என்னும் சொல்லின் நடுவே ஒலிப்பது நம் ளகரமே. நம் சிறப்பெழுத்தாகிய ழகரத்துக்கும் அத்தரத்தில் இடம் தந்தனர். தேவநாகரி ளகரத்தின் அடியில் ஒரு புள்ளியிட்டு அதனைக் காட்டுவர்.

பின்னர் 1991-இலேயே முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தையே இந்திய எழுத்துகளுக்கு அடிப்படையாகக் கொண்டது. இன்று கைப்பேசியில் நாம் தமிழ் எழுதுவது யூனிகோட்டினால்தான். அதற்கு முன்னர் நிலைமை எவ்வாறிருந்தது என்பதைப் பழைய அன்பர்கள் மறந்திரார். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தன் விருப்பப்படி எண் வைத்திருந்தது. ஓரிடத்தில் தட்டச்சுச் செய்த கட்டுரை மற்றோரிடத்தில் புரியாத குறிகளின் குவியலாக நிற்கும். அவ்வாறு எழுதிவைத்த விழா மலர்க் கட்டுரைகளை நாமே பின்னர்த் திறந்து படிக்க இயலாமல் திகைத்ததுண்டு. எழுத்துகள் அழியவில்லை, அவற்றின் திறவுகோல்தான் தொலைந்துபோயிற்று. குறியீடு யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

ஒலி ஒன்று, பொருள் வேறு

எழுத்துக்கு எண் தந்ததால் ஒலி பிழையின்றிச் செல்லும். பொருள் செல்லுமா? புனேயில் வாழும் நமக்கு இதன் விடை நாள்தோறும் கிடைக்கிறது.

'சம்சாரம்' என்று நம்மவர் கூறினால் மனைவி என்று பொருள்படுதல் உண்டு. மராத்தியர் 'சம்சார்' என்றால் இல்வாழ்க்கை. இந்தியில் அதே சொல் உலகம் என்று பொருள்படும். 'சேட்டை' என்று நாம் கூறுவது குழந்தையின் குறும்பு. மராத்தியில் 'சேஷ்டா' கேலி, இந்தியில் முயற்சி. 'உபந்நியாசம்' நமக்குச் சமயச் சொற்பொழிவு. இந்தியில் அது நாவல். இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. மராத்தியில் அதுவே தண்டனை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சிக்ஷா கிடைத்தது என்று வட இந்திய நண்பர் மகிழ்ந்தால், மராத்திய நண்பர் இரங்குவார்!

இச்சொற்கள் அனைத்தும் ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்தவை. எழுத்தெண் ஏறத்தாழ ஒன்றே; பொருளோ ஊருக்கு ஊர் வேறு. விளீயும் அரிவாள்மனையும் இதற்கு நேர்மாறு. எழுத்து முற்றும் வேறு, பொருள் ஒன்றே. ஆகவே எண்ணை எழுத்தின்மேல் வைப்பது போதாது, பொருளின்மேல் வைக்கவேண்டும்.

பொருளுக்கு எண்

சொற்களை எழுத்து வரிசையில் அடுக்காமல் பொருள் வரிசையில் அடுக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றவாறு 12 தொகுதிகளாகச் சொற்களை வகுத்தது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்திற் கூட்டியது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தனித் தொகுதியில் பிரித்துக் காட்டியது. பொருள்வழிக் குறியீட்டுக்கு வேண்டிய அடிப்படைகள் இவ்விரண்டுமே.

இதே வழியில் நம் காலத்தில் அமைந்தது 'இந்தோ வேர்ட்நெட்' என்னும் இந்தியச் சொல்வலை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திச் சொல்வலையும் மராத்திச் சொல்வலையும் உருவாயின. பிற நிறுவனங்கள் பிற மொழிகளை மேற்கொண்டன. தமிழ்ப் பகுதியை மேற்கொண்டது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். மராத்திய மன்னர் ஆண்ட தஞ்சையும் மராத்தியத் தலைநகராகிய மும்பையும் இம்முயற்சியில் இணைந்தது பொருத்தமே. ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு கொத்தாக்கி, அக்கொத்துக்கு ஓர் எண் தருவர். அவ்வெண்ணின்கீழ் இந்திச் சொல், மராத்திச் சொல், தமிழ்ச் சொல் ஆகியவை ஒருங்கே நிற்கும்.

சொல்லின் பொருளைப் பிரித்தறிதல் எளிய வேலை என்று எவரும் எண்ணவேண்டா. புனேயிலுள்ள டெக்கான் கல்லூரியில் 1948-ஆம் ஆண்டு பேராசிரியர் காத்ரே தொடங்கிய வடமொழிப் பேரகராதிப் பணியை அன்பர்கள் அறிந்திருக்கலாம். ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொரு சொல்லும் காலந்தோறும் எப்பொருளில் வழங்கிற்று என ஆராய்ந்தனர். முதல் தொகுதி 1976-இல்தான் வெளிவரத் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னரும் பணி முதலெழுத்தாகிய அகரத்திலேயே நின்றது. பொருளை வரையறுப்பது மனிதர் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் பணி. பொறியின் விசையைத் தட்டியவுடன் அது விளைந்துவிடாது.

தொழிலின் எட்டு உறுப்புகள்

சொற்பொருளுக்கு எண் தந்தபின்னும் ஒன்று எஞ்சும். சொற்களைக் குவித்தால் வாக்கியமாகிவிடாது. யார் செய்தார், எதைச் செய்தார், எதனாற் செய்தார் என்னும் உறவுகளையும் குறிக்கவேண்டும்.

"பாட்டி அரிவாள்மனையால் காய் நறுக்கினாள்" என்பது தமிழ். இதனை மராத்தியர் "ஆஜீனே விளீனே பாஜீ சிரலீ" என்பர். பாட்டியின் பின்னும் 'னே', அரிவாள்மனையின் பின்னும் 'னே'! உருபை மட்டும் நோக்கினால் நறுக்கியவள் யார், நறுக்கிய கருவி எது என்று பொறி மயங்கும். உருபு மொழிக்கு மொழி மாறும், உறவு மாறாது. ஆகவே உறவையே குறியீடாக்க வேண்டும்.

இதற்கான பெருமுயற்சி 1996-இல் டோக்கியோவிலுள்ள ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. ஜப்பானிய அறிஞர் ஹிரோஷி உச்சிடா தலைமை தாங்கினார். யூ.என்.எல். என்று சுருங்க வழங்கும் அம்முறையில் வாக்கியம் ஒரு வலையாக எழுதப்படும். வலையின் முடிச்சுகள் பொருள்கள், இழைகள் உறவுகள். செய்பவர், செயப்பட்டது, இடம், காலம், கருவி, நோக்கம் என நாற்பதுக்கும் மேற்பட்ட உறவுகளை வகுத்தனர். இந்தியையும் மராத்தியையும் அம்முறையோடு இணைக்கும் ஆராய்ச்சி மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், தமிழை இணைக்கும் ஆராய்ச்சி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் நடைபெற்றன.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இவ்வுறவுகள் பழகிய முகங்களாகவே தோன்றும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டினைத் தொகுத்துரைக்கிறார். நம் வீட்டு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். நறுக்குதல் வினை, நறுக்கியவர் நம் தாயார், நறுக்கப்பட்டது வாழைப்பூ, இடம் நம் கூடம், காலம் கோடை விடுமுறை, கருவி அரிவாள்மனை, எதிர்வீட்டு அம்மையாருக்காக, உசிலி என்னும் பயன் கருதி. எட்டும் நிரம்பின. பாணினியின் இலக்கணமும் செய்பவன், செயப்படுபொருள், கருவி, கொள்வோன், நீக்கம், இடம் என ஆறு காரகங்களைக் கூறும்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. கணிப்பொறிக்கு மிக ஏற்ற மொழி வடமொழியே என்று அமெரிக்க விண்வெளி ஆய்வாளர் கண்டதாக இந்நகரில் அடிக்கடி பேசக் கேட்கிறோம். 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்பார் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றே அப்பேச்சுக்கு அடிப்படை. வடமொழி இலக்கணிகள் வாக்கியப் பொருளைப் பகுத்த முறை, செயற்கை நுண்ணறிவாளர் வரையும் பொருள்வலையை ஒத்துள்ளது என்று காட்டியதே அதன் சாரம். அவ்வளவில் அது போற்றத்தக்கது. கணிப்பொறிகள் வடமொழியில் இயங்கும் என்று அதற்குப் பொருளன்று. அவ்வாறே தொல்காப்பியர் கணிப்பொறியைக் கண்டார் என்று நாமும் கூற முற்படுவது தகாது. மொழிகளுக்கு அடியில் பொருளுறவு ஒன்று உண்டு, அதனை எண்ணிப் பட்டியலிடலாம் என்று அவர்கள் கண்டனர். அதுவே நாம் பெருமை கொள்ளப் போதும்.

பொதுவில் ஒளிந்திருக்கும் தனிமுகம்

இத்துணைச் சிறந்த முறை ஏன் உலகெங்கும் பரவவில்லை? இரண்டு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பொதுக் குறியீடு என்று பெயரிடப்பட்டவற்றில் அதனை வகுத்தவரின் முகம் ஒளிந்திருத்தல். 1668-இல் ஜான் வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் உலகப் பொருள்களையெல்லாம் 40 பெரும்பிரிவுகளாக்கி, எம்மொழியாரும் படிக்கத்தக்க புதிய எழுத்து ஒன்றை வகுத்தார். ஆயினும் அது ஒருவர் உள்ளத்தில் தோன்றிய உலகம். பிறர் உலகங்கள் அதில் அடங்கவில்லை. யூ.என்.எல். முறையிலும் பொருளுக்குப் பெயராக நின்றவை ஆங்கிலச் சொற்களே. இந்தியச் சொல்வலை இந்திக் கொத்துகளைப் பின்பற்றி விரிந்தது. ஆதலின் இந்தியில் இல்லாத தமிழ்ப் பொருள்களுக்குத் தனியே இடம் தேடவேண்டும். மராத்தியில் மாவ்ஷீ என்றால் தாயின் உடன்பிறந்தாள். மூத்தவளாயினும் இளையவளாயினும் ஒன்றே. நமக்கோ மூத்தவள் பெரியம்மா, இளையவள் சித்தி. ஒரே அறையில் இருவரையும் அடைத்தால் தமிழ்க் குடும்பம் குழம்பிப்போகும்! யூனிகோட்டிலும் நம் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் உள்ளன. அவை தேவநாகரியிலுள்ள மற்ற மூன்று எழுத்துகளுக்கு நேரான இடங்கள். பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் அணிந்திருக்கிறோம் என்பதற்கு அவ்வெற்றிடங்கள் சான்று.

இரண்டாவது காரணம், புதிய பொறிகளின் வரவு. கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கண்டு தாமே கற்கும் பொறிகள் இன்று ஓங்கி நிற்கின்றன. பல மொழிகளை ஒருங்கே கற்ற பொறியினுள் ஒரே பொருளுடைய வாக்கியங்கள் அருகருகே வந்து அமைவதை 2016-இல் கூகுள் ஆய்வாளர் கண்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு, 22 மொழிகளுக்குமான மொழிபெயர்ப்புப் பொறி ஒன்றை 2023-இல் யாவர்க்கும் திறந்த முறையில் வழங்கியது பாராட்டத்தக்கது.

ஆயினும் இப்பொறிகளுக்குள் பொருள் எவ்வடிவில் உறைகிறதோ அவ்வடிவத்தை மனிதர் படிக்க இயலாது. எண்ணிறந்த எண்களின் கூட்டமே அங்குள்ளது. அரிவாள்மனை கத்தியாகிவிட்டது என்றால் எங்கே திருத்துவது? யாரிடம் சொல்வது? அன்றியும், கண்டதைக்கொண்டே கற்கும் பொறி, எவரும் எழுதிவைக்காத சொல்லைக் கற்பதெங்ஙனம்? மனிதரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த குறியீடு இன்றும் வேண்டுவதாகிறது.

அத்தகைய முயற்சி ஒன்று நம் கண்முன் நடந்துவருகிறது. 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு என்னும் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்மொழிக்குக் கியூ 5885. நம் புனேக்குக் கியூ 1538. அவ்வெண்ணின்கீழ் எம்மொழியாரும் தம் மொழிப் பெயரையும் விளக்கத்தையும் எழுதலாம்; பிழையைத் திருத்தலாம்; இல்லாத பொருளைப் புதிதாகச் சேர்க்கலாம். 2018 முதல் சொற்களையும் அவற்றின் பொருள்களையும் பதிவதற்கு இடம் தந்துள்ளனர். அங்குள்ள தரவு எவருடைய தனியுரிமையும் அன்று. இக்களஞ்சியத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒருமுறை மொழி சாராமல் எழுதிய செய்தியைப் பல மொழிகளில் வாக்கியமாக விரிக்கும் திட்டத்துக்கு 2020-இல் விக்கிமீடியா அறக்கட்டளை இசைவளித்தது. அதற்கு வேண்டிய விக்கிச் செயற்கூறுகள் என்னும் தளம் 2023-இல் திறக்கப்பட்டது. இந்நெறி வெல்லுமா என்பது காலத்தின் கையில் உள்ளது. ஆனால் எந்த முகத்தோடு அது வளரும் என்பது அதில் எழுதுவோர் கையில் உள்ளது.

நாம் செய்யத்தக்கது

நடுவிலுள்ள குறியீடு தானே நடுநிலை பெற்றுவிடாது. எல்லா மொழியாரும் தத்தம் பொருள்களை அதில் வைத்தால்தான் அது பொதுவாகும். வைக்காதவர் மொழி, வைத்தவர் மொழியின் சாளரம் வழியாகவே தன்னைக் காண நேரும். இப்பணிக்குப் புனேத் தமிழரினும் ஏற்றவர் யாவர்? வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, அலுவலகத்தில் இந்தி, ஏட்டில் ஆங்கிலம் என நான்கு கரைகளிலும் நாம் நாள்தோறும் நடமாடுகிறோம். எச்சொல் எக்கரையில் எப்பொருள் தரும் என்பதை நாம் நூலிற் படித்தறியவில்லை. பால்காரரிடமும் காய்கறிக் கடையிலும் பட்டறிந்தோம்.

ஆகவே அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. சங்கக் கூட்டத்துக்குப் பின் திங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பெரியோர் வீட்டுச் சொற்களைக் கூறட்டும்: அரிவாள்மனை, குழவி, முறம், சொளகு, மத்து, உறி. இளையோர் அவற்றைத் தமிழில் எழுதி, மராத்திய அண்டையாரிடம் கேட்டு அவர்தம் பெயரையும் அருகில் எழுதட்டும். கன்னடர் ஈளிகெ மணெ என்பதும், தெலுங்கர் கத்திபீட்ட என்பதும், வங்கத்தார் போண்ட்டி என்பதும் நம் அரிவாள்மனையே என்பதைப் பிள்ளைகள் அறிந்து வியக்கட்டும். பின்னர்த் திறந்த களஞ்சியத்தில் தமிழ்ப் பெயர் உளதா, விளக்கம் சரியா என்று பார்த்து, இல்லையேல் சேர்க்கட்டும். தமிழ் பேசினும் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் பலருக்கு இதனினும் நல்ல தமிழ்ப் பயிற்சி வேறொன்றில்லை. சொல்லை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபொழுதே இது நிகழ்தல் வேண்டும். அவர்களுக்குப் பின் எப்பொறியைக் கேட்டும் பயனில்லை.

தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். எதிர்வீட்டு அம்மையார் இப்பொழுது திருத்தமாக உசிலி செய்கிறார். சென்ற வாரம் நம் மகள் ஓர் ஏட்டை எடுத்து, முதல் வரியில் 'அரிவாள்மனை' என்று தமிழிலும், அதற்கு நேரே 'விளீ' என்று மராத்தியிலும் எழுதினாள். ளகரத்தை எழுதும்போது சிறிது தயங்கினாள். பிறகு இரண்டு எழுத்திலும் அது ஒரே ஒலிதானே என்று கூறி, இரண்டையும் சரியாகவே எழுதிவிட்டாள். ஏட்டில் மற்ற வரிகள் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்ப நேயர்கள் வருக.